நான்கு நிமிட மைல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடுத்தர தூர ஓட்டத்தைப் பற்றி யாரோடு பேசினாலும் பேச்சு சுற்றிச் சுற்றி, ஒரு மைலை நாலு நிமிடத்துக்குள் முதலில் ஓடிய ரோஜர் பேனிஸ்டரிடம் வந்து நிற்கிறது. பாதிப் பேருக்கு அவரைத் தன்னம்பிக்கைக் கூட்டங்கள் வழியாகத்தான் தெரியும். அங்கே சொல்லப்படும் கதையில் உண்மை கொஞ்சம், ஒட்டவைத்தது நிறைய. ட்ராக்கில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். டைமிங்கை 3:59.4 என்று எழுதினால் 3 நிமிடம் 59.4 விநாடி என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மைல்னா கரெக்டா எவ்வளவு? நாலு ரவுண்டுதானே?

கிட்டத்தட்ட நாலு ரவுண்டு. ஒரு மைல் என்பது 1609.344 மீட்டர். இன்றைய 400 மீட்டர் ட்ராக்கில் நாலு சுற்று முடித்தால் 1600 மீட்டர்தான் ஆகும், இன்னும் 9 மீட்டர் சொச்சம் பாக்கி இருக்கும். அதனால் மைல் ஓட்டத்தின் தொடக்கக் கோடு முடிவுக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் போடப்பட்டிருக்கும். 1600 மீட்டர் ஓடவிட்டு அதையே மைல் என்று எழுதிவிடுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அந்த 9 மீட்டருக்கு இந்த வேகத்தில் ஏறக்குறைய 1.4 விநாடி ஆகும். 1600-ஐ 3:59-க்கு முடித்தவர் மைலில் நாலு நிமிடத்தைத் தாண்டிவிடுவார்.

பேனிஸ்டர் காலத்து இங்கிலாந்தில் ட்ராக்கின் சுற்றளவு 440 கஜம். நாலு சுற்று போட்டால் 1760 கஜம், அதாவது சரியாக ஒரு மைல். சுற்றுக்கு ஒரு நிமிடம், நாலு சுற்றுக்கு நாலு நிமிடம். இந்தக் கணக்கு சின்னப் பிள்ளைக்கும் புரியும். அந்த எண்ணுக்கு இவ்வளவு பெயர் வந்ததற்குப் பெரிய காரணம் இதுதான்.

நாலு நிமிஷம்னா வேகம் எவ்வளவு? நம்மால புரிஞ்சுக்கற மாதிரி சொல்லுங்க.

மணிக்கு 24 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். பல ஜிம் ட்ரெட்மில்களில் அந்த வேகத்துக்குப் பொத்தானே இருக்காது. 100 மீட்டரை 14.9 விநாடியில் ஓட வேண்டும். நல்ல பள்ளி மாணவன் ஒருமுறை அப்படி ஓடிவிடுவான். அதையே இடைவெளியில்லாமல் பதினாறு முறை அடுக்கி, அதன்மேல் இன்னும் 9 மீட்டர் ஓடினால்தான் நாலு நிமிட மைல்.

கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தால் 200 மீட்டரை 30 விநாடிக்குள் ஓடிப் பாருங்கள். மூச்சு திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று கவனியுங்கள். அப்புறம் இந்த டைமிங் மேல் மரியாதை தானாக வரும்.

முதல்ல ஓடினது யாரு, எங்க ஓடினாரு?

ரோஜர் பேனிஸ்டர். 1954 மே 6 மாலை, ஆக்ஸ்போர்டில் உள்ள இஃப்லி ரோடு ட்ராக்கில், 3:59.4. அப்போது அவர் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் மருத்துவ மாணவர். அன்று காலையும் மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்த ஆய்வகத்துச் சாணைக்கல்லில் தன் ஸ்பைக்ஸின் (அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ) ஆணிகளைத் தீட்டிக்கொண்டு ரயிலேறி ஆக்ஸ்போர்டு வந்தார். ட்ராக் கரித்தூள் போட்டது. நீண்ட ஆணியில் ஈரமான கரி அப்பிக்கொண்டு காலைக் கனக்கச் செய்யும், அதனால்தான் அந்தத் தீட்டல்.

அன்று நல்ல காற்று. எதிர்காற்றில் ஓடினால் சுற்றுக்குச் சுற்று நேரம் போய்விடும் என்பதால் சாதனைக்கு முயல்வதா வேண்டாமா என்று கடைசி நேரம் வரை அவர் முடிவு செய்யவில்லை. பக்கத்துத் தேவாலயக் கோபுரத்தில் பறந்துகொண்டிருந்த கொடி தளர்ந்து தொங்குவதைப் பார்த்த பிறகுதான் துணிந்தார். முதல் சுற்று 57.5 விநாடி, பாதி மைல் 1:58, முக்கால் மைல் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டி. கடைசிச் சுற்றை 59 விநாடிக்குள் முடித்தால்தான் உண்டு என்ற நிலை. முடித்தார். முடிவுக் கோட்டில் நிற்க முடியாமல் மற்றவர்களின் கையில் சாய்ந்தார்.

முடிவை அறிவித்தவர் நாரிஸ் மெக்வர்ட்டர். மைதான சாதனை, பிரிட்டிஷ் சாதனை, ஐரோப்பிய சாதனை, உலக சாதனை என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போய், நேரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். 'மூன்று நிமிடம்' என்று சொன்னதுமே எழுந்த கூச்சலில் மீதியை யாரும் கேட்கவில்லை.

அவர் தனியா ஓடலையாமே? ரெண்டு பேர் முன்னாடி இழுத்துட்டுப் போனாங்களாம். அது ஏமாத்து இல்லையா?

இழுத்துக்கொண்டு போனது உண்மை. தொடக்கத்திலிருந்து இரண்டு சுற்றுக்குச் சற்று மேல் வரை கிறிஸ் பிரேஷர் முன்னால் ஓடி வேகம் வைத்துக் கொடுத்தார். அப்புறம் கிறிஸ் சாட்டவே முன்னுக்கு வந்து கடைசிச் சுற்றின் பாதி வரை கொண்டுபோனார். முதல் சுற்றில் பேனிஸ்டர் பின்னாலிருந்து "வேகமா, வேகமா" என்று கத்தியும் பிரேஷர் காதில் போட்டுக்கொள்ளாமல் தன் கணக்கிலேயே ஓடினார். அந்த நிதானம் இல்லாவிட்டால் அன்று சாதனை வந்திருக்காது என்பது என் எண்ணம்.

விதிப்படி அது சரியா என்றால், சரிதான். இருவரும் முறைப்படி போட்டியில் கலந்துகொண்டவர்கள். சாட்டவே இரண்டாவதாக வந்தார். விதியை மீறிய முயற்சி எப்படி இருக்கும் என்பதற்கு அதற்கு முந்தைய வருடமே உதாரணம் உண்டு. 1953 ஜூனில் மோட்ஸ்பர் பார்க்கில் பேனிஸ்டர் 4:02.0 ஓடினார். அதில் பிரேஷர் வேண்டுமென்றே மெதுவாக ஓடி, ஒரு சுற்றுப் பின்தங்கி, பேனிஸ்டர் அருகில் வந்ததும் அவருக்கு முன்னால் வேகம் வைத்துக் கொடுத்தார். அதைப் போட்டியாகவே கருத முடியாது என்று பிரிட்டிஷ் தடகள வாரியம் அந்த நேரத்தைச் சாதனையாக ஏற்க மறுத்தது. 1954-இல் திட்டத்தை மாற்றிக்கொண்டு வந்ததற்கு இது ஒரு காரணம்.

பேஸ்மேக்கர் இருவரும் சாதாரண ஆட்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சாட்டவே அதே வருட அக்டோபரில் 5000 மீட்டர் உலக சாதனையை முறியடித்தார். பிரேஷர் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஸ்டீப்பிள்சேஸில் (தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் ஓட்டம்) தங்கம் வாங்கினார்.

மனுஷ உடம்பால முடியாது, ஓடினா இதயமே நின்னுடும்னு டாக்டர்கள் சொன்னாங்களாமே?

விஷயம் தெரிந்த யாரும் அப்படி நினைத்திருக்க வழியில்லை, காரணம் சாதனைப் பட்டியலிலேயே இருக்கிறது. சுவீடனின் குண்டர் ஹெக் 1945-லேயே 4:01.4 ஓடிவிட்டார். ஒன்றரை விநாடி குறைவாக ஓடினால் மட்டும் மனிதன் செத்துவிடுவான் என்று எந்த உடலியல் நிபுணர் சொல்வார்? பேனிஸ்டரே ஆக்ஸ்போர்டில் ஆட்களை ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, சுவாசக் காற்றில் ஆக்ஸிஜனைக் கூட்டினால் என்ன ஆகிறது என்று ஆராய்ந்தவர். எது தடை, எது தடையில்லை என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் ட்ராக்குக்கு வந்தார்.

நாலு நிமிடத்தைப் பெரிய மலையாகக் காட்டியதில் பத்திரிகைகளுக்குப் பங்கு உண்டு. 1953-இல் எவரெஸ்ட் ஏறியாகிவிட்டது, அடுத்தது இதுதான் என்று எழுத அவர்களுக்கு வசதியாக இருந்தது.

அப்போ 1945-லேர்ந்து ஒன்பது வருஷம் ஏன் யாராலும் முடியல? மனசுல இருந்த தடைதானே?

மனசுக்கும் பங்கு உண்டுதான், ஆனால் வேறு காரணங்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே இருக்கின்றன. போர்க்காலத்தில் சுவீடன் நடுநிலை வகித்தது, அங்கே போட்டிகள் நிற்கவில்லை. ஹெக்கும் ஆர்னே ஆண்டர்சனும் மாறி மாறி ஒருவரையொருவர் துரத்தி, 1942-க்கும் 1945-க்கும் இடையில் சாதனையை 4:06.4-லிருந்து 4:01.4-க்கு இறக்கினார்கள். மூன்றே வருடத்தில் ஐந்து விநாடி. அப்புறம் ஓடுவதற்குப் பணம் வாங்கினார்கள் என்று இருவருக்கும் ஆயுள் தடை விதிக்கப்பட்டது. அவர்கள் அதே போக்கில் இன்னும் இரண்டு வருடம் ஓடியிருந்தால் பேனிஸ்டர் பெயர் நமக்குத் தெரியாமலே போயிருக்கலாம். மற்ற நாடுகளில் அந்தத் தலைமுறையே போருக்குப் போய்விட்டது. ட்ராக், சாப்பாடு, பயிற்சி எல்லாம் பழைய நிலைக்கு வரவே சில வருடம் பிடித்தது.

பயிற்சி முறையும் மாற வேண்டியிருந்தது. பேனிஸ்டர் மதிய இடைவேளையில் ஓடிப் பயிற்சி எடுத்தவர். 440 கஜத்தைப் பத்து முறை, நடுவில் இரண்டு நிமிட ஓய்வோடு ஓடுவார். குளிர்காலத்தில் தொடங்கி மெல்ல மெல்ல இறக்கி, சுற்றுக்கு 61 விநாடிக்கு வந்தபின் அதற்குக் கீழே போகவே முடியவில்லை. பிரேஷரோடு ஸ்காட்லாந்து போய்ச் சில நாள் மலையேறினார். திரும்பி வந்து ஓடிப் பார்த்தால் 59. ஓய்வு என்பதும் பயிற்சியில் சேர்ந்ததுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நான் எடுக்கும் உதாரணம் இது.

பேனிஸ்டர் உடைச்சதும் ஒரே வருஷத்துல முப்பது நாப்பது பேர் உடைச்சாங்கன்னு ஒரு கூட்டத்துல சொன்னாங்களே?

தவறு. அடுத்த ஒரு வருடத்தில் உடைத்தவர் ஒரே ஒருவர்தான். ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி, 1954 ஜூன் 21, பின்லாந்தின் துர்க்கு நகரம், 3:58.0. சாதனை பேனிஸ்டரிடம் இருந்தது 46 நாள். லாண்டி திடீரென்று நம்பிக்கை வந்து ஓடியவரும் இல்லை. 1952 டிசம்பரிலேயே 4:02.1 ஓடியவர். அதற்குப் பிறகும் பலமுறை 4:02-இல் வந்து முட்டிக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் வெஸ் சான்டியும் அதே கணக்கில் 4:00-ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். யார் முந்துவது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

அடுத்தவர்கள் வந்தது 1955 மே 28-ஆம் தேதி. லண்டனில் ஒரே ஓட்டத்தில் மூன்று பேர்: ஹங்கேரியின் லாஸ்லோ தாபோரி, நம் சாட்டவே, பிரையன் ஹியூசன். ஆக ஒரு வருடத்துக்குச் சற்று மேல் ஆனபின்னும் மொத்தம் ஐந்து பேர்தான். மனத்தடை உடைந்ததும் அணை உடைந்தது என்ற கதை மேடைக்கு நன்றாக இருக்கும், பதிவேட்டில் அது கிடையாது. பிள்ளைகளுக்கு இந்தப் பொய்யைச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நம்பினால் போதும் என்று எடுத்துக்கொள்கிற பிள்ளை பயிற்சியைக் குறைத்துக்கொள்ளும்.

பேனிஸ்டரும் லாண்டியும் நேருக்கு நேர் ஓடினாங்களா?

ஓடினார்கள். 1954 ஆகஸ்ட் 7, கனடாவின் வான்கூவர், அன்று பிரிட்டிஷ் பேரரசு மற்றும் காமன்வெல்த் விளையாட்டுகள் என்று அழைக்கப்பட்ட இன்றைய காமன்வெல்த் போட்டி. உலகத்திலேயே நாலு நிமிடத்துக்குள் ஓடிய இரண்டே பேர் ஒரே கோட்டில் நின்றார்கள். லாண்டி முதலிலிருந்தே முன்னால் பறந்தார், பேனிஸ்டர் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தார். கடைசி வளைவில் லாண்டி இடது தோள் பக்கமாகத் திரும்பிப் பார்த்தார். அதே நொடியில் பேனிஸ்டர் வலது பக்கமாகக் கடந்தார். பேனிஸ்டர் 3:58.8, லாண்டி 3:59.6. அந்தத் திரும்பிய தலையோடு இருவருக்கும் வான்கூவரில் வெண்கலச் சிலை இருக்கிறது.

எனக்கு ஆக்ஸ்போர்டு ஓட்டத்தை விட இதுதான் பெரிது. இங்கே யாருக்கும் பேஸ்மேக்கர் கிடையாது. ஜெயிப்பதற்காக ஓடினார்கள், நேரம் பின்னாலேயே வந்தது.

பேனிஸ்டர் ஒலிம்பிக்ல தங்கம் வாங்கினாரா?

இல்லை. 1952 ஹெல்சின்கியில் 1500 மீட்டரில் நாலாவது இடம். அந்த ஏமாற்றம்தான் அவரை இன்னும் இரண்டு வருடம் ஓடவைத்தது. 1954 முடிவதற்குள் ஓட்டத்தை விட்டுவிட்டு நரம்பியல் மருத்துவரானார். 2018-இல் காலமானார்.

1500 மீட்டர் இருக்கும்போது மைல் எதுக்கு?

ஒலிம்பிக்கிலும் உலகப் போட்டியிலும் 1500-தான், மைல் கிடையாது. 1976-இல் சர்வதேசத் தடகள அமைப்பு கஜக் கணக்கிலான உலக சாதனைகளை எல்லாம் பட்டியலிலிருந்து எடுத்தது. மைலை மட்டும் விட்டுவைத்தது. அந்த விதிவிலக்குக்கு நாலு நிமிடத்தின் பெயர்தான் காரணம் என்று நினைக்கிறேன். 1500-இல் இப்படி எல்லோர் வாயிலும் வரும் ஒரு முழு எண் இல்லை.

இரண்டையும் ஒப்பிட 1500 நேரத்தை 1.08-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய மைல் நேரம் கிடைக்கும். இந்தக் கணக்கைக் கீழேயும் பயன்படுத்துவேன்.

இப்போ உலக சாதனை எவ்வளவு?

மொராக்கோவின் ஹிஷாம் எல் கரூஜ், 1999 ஜூலை 7, ரோம், 3:43.13. அன்று இரண்டாவதாக வந்த கென்யாவின் நோவா என்கெனி 3:43.40. அந்த ஓட்டத்தில் நாலு நிமிடத்துக்கு ஓடுபவரைச் சேர்த்திருந்தால், எல் கரூஜ் முடிக்கும்போது அவர் நூறு மீட்டருக்கு மேல் பின்னால் இருந்திருப்பார். நார்வேயின் யாக்கோப் இங்கெபிரிக்ட்சன் 2023-இல் 3:43.73 ஓடி நெருங்கினார்.

நடுவில் 1975-இல் நியூசிலாந்தின் ஜான் வாக்கர் 3:49.4 ஓடி 3:50-க்குக் கீழே முதலில் போனார். அதே வாக்கர்தான் நாலு நிமிடத்துக்குள் நூறு முறை ஓடிய முதல் மனிதரும். அமெரிக்காவின் ஸ்டீவ் ஸ்காட் 136 முறை ஓடினார்.

ஸ்கூல் பசங்களே இப்போ ஓடறாங்களே. அப்புறம் அதுக்கு என்ன மதிப்பு?

மதிப்பு இடம் மாறியிருக்கிறது. 1954-இல் அது உச்சி, இன்று வாசற்படி. பாரிஸ் ஒலிம்பிக்கின் 1500-க்கு நேரடித் தகுதியாக மைல் நேரத்தைக் காட்ட வேண்டுமானால் 3:50.40 தேவைப்பட்டது. 3:59 ஓடுபவர் அந்தக் கூட்டத்தில் பேச்சுக்கே வர மாட்டார். ஆனால் அமெரிக்கக் கல்லூரி ஓட்டக்காரர் ஒருவருக்கு முதன்முதலாக 3:59 வந்த நாள் அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ளும் நாள்தான்.

பள்ளி மாணவர்களிலும் ஜிம் ரயன் 1964-இல் முதலில் ஓடினார். அந்தப் பத்தாண்டிலேயே அமெரிக்காவில் இன்னும் இரண்டு மாணவர்கள் ஓடினார்கள். அதற்கு அடுத்த அமெரிக்கப் பள்ளி மாணவர் ஆலன் வெப் வந்தது 2001-இல். முப்பது வருடத்துக்கு மேல் ஒருவரும் இல்லை! 2025 மார்ச்சில் நியூசிலாந்தின் சாம் ரூத் 15 வயதில் 3:58.35 ஓடினார். அந்தப் பக்கம் அயர்லாந்தின் ஈமன் காக்லன் 1994-இல், நாற்பது தாண்டிய பிறகு, உள்ளரங்கில் 3:58.15 ஓடினார்.

இதெல்லாம் ஷூ பண்ற வேலைதானே?

கொஞ்சம் ஷூதான். சில வருடங்களாக வரும் ஸ்பைக்ஸில் விறைப்பான தகடும் துள்ளல் கொடுக்கும் நுரையும் இருக்கின்றன, கடைசிச் சுற்றில் கால் அவ்வளவு செத்துப் போவதில்லை. ட்ராக்கும் செயற்கைத் தளம். ஓரத்தில் விளக்கு ஓடி வேகத்தைக் காட்டுகிறது, பிரேஷர் தலைக்குள் வைத்திருந்த கணக்கை இன்று விளக்கு வைத்திருக்கிறது. ஆனால் எல் கரூஜ் 3:43.13 ஓடியபோது அந்த ஷூவும் இல்லை, விளக்கும் இல்லை. புது ஷூ போட்டு ஓடியவர்களில் அவர் நேரத்துக்கு மிக அருகே வந்தவர்களே அரை விநாடிக்கு மேல் பின்தங்கித்தான் இருந்தார்கள்.

பெண்கள் யாராவது நாலு நிமிஷத்துக்குள்ள ஓடியிருக்காங்களா?

இதுவரை இல்லை. பெண்கள் மைலில் முதல் பெரிய எண் ஐந்து நிமிடம். இங்கிலாந்தின் டயேன் லெதர் 1954 மே 29-ஆம் தேதி 4:59.6 ஓடினார், பேனிஸ்டருக்கு 23 நாள் கழித்து. அவர் பெயர் யாருக்குத் தெரியும்? அப்போது பெண்கள் மைலுக்கு அதிகாரப்பூர்வ உலக சாதனை என்ற ஒன்றே கிடையாது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 1500 மீட்டர் வந்ததே 1972-இல். இவ்வளவு தாமதமாகக் கதவைத் திறந்துவிட்டு நேரத்தை மட்டும் ஒப்பிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்றைய உலக சாதனை கென்யாவின் ஃபெயித் கிப்யெகோன் 2023-இல் மொனாக்கோவில் ஓடிய 4:07.64. 2025 ஜூனில் பாரிஸில் நாலு நிமிடத்தை உடைக்க என்றே ஒரு தனி முயற்சி நடந்தது. ஆண்களும் பெண்களுமாக 13 பேஸ்மேக்கர்கள் முன்னும் பின்னும் அணிவகுத்துக் காற்றைத் தடுக்க, அவர் 4 நிமிடம் 6 விநாடி சொச்சத்தில் ஓடினார். மேலே மோட்ஸ்பர் பார்க் பற்றிச் சொன்னது நினைவிருக்கும், அதே மாதிரிக் காரணத்தால் இதுவும் சாதனைக் கணக்கில் சேராது. நாலு நிமிடம் ஆனபோது அவருக்கு இன்னும் நாற்பது மீட்டருக்கு மேல் தூரம் பாக்கி இருந்தது.

நம்ம இந்தியர்களால முடியுமா?

நம்மவர்களும் ஓடுவது 1500-தான், மைல் அபூர்வம். கேரளத்தின் ஜின்சன் ஜான்சன் 2019-இல் பெர்லினில் 1500-ஐ 3:35.24-க்கு ஓடித் தேசிய சாதனை வைத்தார். 1.08 கணக்குப்படி அது 3:52-53 மைலுக்குச் சமம். திறமை இருக்கிறது, மைல் போட்டிதான் இல்லை.

நியூசிலாந்துல ஒருத்தர் 3:28 ஓடினாராமே?

ஓடினார், இறக்கத்தில். 1983-இல் ஆக்லாந்து குயீன் ஸ்ட்ரீட்டில் கென்யாவின் மைக் பாய்ட் 3:28 ஓடினார். சரிவு இழுத்துக்கொண்டு போகும் என்பதால் சாதனையாகாது. சாலை மைலுக்கு அதிகாரப்பூர்வ உலக சாதனை 2023-லிருந்துதான் உண்டு, அதற்குச் சரிவு அளவுக்குள் இருக்க வேண்டும்.

எங்க பையன் 1500-ஐ 4:10-க்கு ஓடறான். நாலு நிமிஷ மைல் வருமா?

4:10 என்றால் இன்றைக்கு அவனுக்கு மைல் 4:30. நாலு நிமிடத்துக்கு 1500 ஏறக்குறைய 3:42 வர வேண்டும். பேனிஸ்டர் அன்று 1500 மீட்டரைக் கடந்ததே 3:43.0-க்கு, அது அன்றைய 1500 உலக சாதனைக்குச் சமம். ஆக 28 விநாடி குறைக்க வேண்டும். ஒரு சீசனில் வருகிற வேலை இல்லை, பல வருடக் கணக்கு.

வயதும் 800 மீட்டர் நேரமும் தெரியாமல் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். 400-ஐ 52, 53 விநாடிக்குள் ஓட முடியாவிட்டால் 60 விநாடிச் சுற்று அவனுக்கு எப்போதும் முழு மூச்சு ஓட்டமாகத்தான் இருக்கும், மூன்றாவது சுற்றில் உட்கார்ந்துவிடுவான். அதனால் வேகத்தையும் நீண்ட தூர ஓட்டத்தையும் சேர்த்தே வளர்க்க வேண்டும். வளர்கிற வயதில் முழங்காலும் கெண்டைக்கால் எலும்பும் வலித்தால் அன்றே நிறுத்துங்கள். இப்போதைக்கு 1500-ஐ நாலு நிமிடத்துக்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள். அதுவே அவனுக்கு 4:19 மைல்.